வியாதியஸ்தர் பட்டியலில் இருந்து கர்த்தர் என் பெயரை அடித்த விதம்

சபையாருக்கும், இதை எழுத்துக் கூட்டி வாசிக்கப் போகிற பெண்களுக்கும் ராகேலம்மாளின் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கும் படப்பைக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள சபையில்தான் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. அங்கேதான் கல்யாணமும் நடந்தது. அங்கேயே, நான் நல்ல உடம்போடு மூன்றாவது வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்குச் சமாதானமான மரணம் கிடைக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் ஜெபமும் பண்ணினார்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். வாசிப்பேன், எழுத வராது. நான் சொல்ல என் மருமகள் சுகுணா எழுதுகிறாள். சில வார்த்தைகளை எழுத அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. "அத்தே, இந்த எடத்துல 'வியாதி'ன்னு மட்டும் போட்டுக்கட்டுமா?" என்று இப்போதே கேட்டுவிட்டாள். போடக் கூடாது. நான் சொன்னதைத்தான் எழுத வேண்டும். அந்த மாதிரி மறைத்ததால்தான் எனக்கு இவ்வளவு பாடு வந்தது.

எமர்ஜென்சி முடிந்து எல்லோரும் ஓட்டுப் போட்ட வருஷம். பங்குனி மாதம் என்று நினைவு. குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும்போது இடது மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. எருமை முட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது இரண்டு எருமைகள் இருந்தன. காலையில் கறந்து, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, படப்பை ஓட்டலுக்கு நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பேன். மழை வந்தாலும் போவேன். ஐம்பத்தைந்து வயதில் அந்த ரோட்டில் என்னைத் தாண்டி நடந்து போன பெண்பிள்ளை யாரும் இல்லை.

எட்டு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணின புருஷனிடம்கூட அந்த இடத்தின் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. புளியங்கொட்டை எலுமிச்சங்காய் ஆனது. மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருநாள் ரவிக்கையில் ரத்தம் பட்டிருந்ததைச் சுகுணா துவைக்கும்போது பார்த்துவிட்டாள். அவள் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் என்னைத் தேடிக்கொண்டு எருமைக் கொட்டகைக்கே வந்துவிட்டார். அவர் கல்குவாரியில் மேஸ்திரி. சத்தமாகப் பேசிப் பழகினவர். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"இன்னாமே இது. இத்தினி நாளா வாயத் தொறக்காம கீற."

மறுநாளே மெட்ராஸுக்குக் கிளம்பினோம்.

என்னுடைய தப்பு அந்தப் பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தது. எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் சைக்கிளில் எதிரே வந்தார். காலை ஊன்றி நின்று, "இன்னா ரெண்டு பேரும் ஜோடியா காலங்காத்தால?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாருக்கு? இன்னா ஒடம்புக்கு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். உபதேசியார் ஆம்பளை. பக்கத்தில் இன்னும் நாலு ஆம்பளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள். "வயித்துல கட்டிங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே புற்று என்று சொல்லிவிட்டார்கள். அறுத்து எடுத்தார்கள். அக்குளில் இருந்தும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள். அதற்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது, எனக்கு வாயில் நுழையாது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே படுக்க வைத்து எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே நான் ஒருத்திதான். தோல் அடுப்புக்கல் மாதிரி கறுத்துப்போயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த வாலாஜாபாத்துப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காபி குடித்துவிட்டுப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. எனக்கும் சீக்கிரம் அதே கதிதான் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பார்க்க வரும்போது, சவப்பெட்டிக்குப் பலகை நல்லதாகப் பார்க்கச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த மெஷின் அறையில்தான் நான் ஜெபம் பண்ணினேன். நீளமாக ஜெபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, நீண்ட ஆயுசு கேட்கவில்லை. என் காலால் நடந்து என் சபைக்குள் போக வேண்டும். என் கையால் பால் கறக்க வேண்டும். இவ்வளவுதான்." தினம் இதையே சொன்னேன். கதவு திறக்கிற வரைக்கும் சொன்னேன்.

கர்த்தர் கேட்டார். நாலைந்து மாதம் கழித்து டாக்டரம்மா என்னை முன்னாலும் பின்னாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா. போய் உன் வேலையைப் பாரு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போ" என்றார்கள். அந்த வார்த்தையை நான் கர்த்தருடைய வாயில் இருந்து வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

சுகம் கொடுத்தவர் கர்த்தர். சந்தேகமே இல்லை. அதை நம்பாதவர்கள் யார் என்றால், எனக்காக ஜெபம் பண்ணினவர்கள்தான்.

ஊர் திரும்பிக் கொட்டகைக்குப் போனால் எருமைகள் இல்லை. விற்றுவிட்டார்கள். "இனிமே நீ எங்க கறக்கப் போற" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கென்று ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைத்திருந்தாள் சுகுணா. இதை எழுதும்போது அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். குனியட்டும். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடி வந்து பிடுங்குவாள். விளக்குமாற்றை எடுத்தால் பிடுங்குவாள். வாசலில் நின்றால் "அத்தே, காத்து அடிக்குது" என்பாள். காற்று அடிக்காத ஊர் எங்கே இருக்கிறது?

அதைவிடப் பெரிய தொல்லை கஞ்சி. வயிற்றில் கட்டி என்று நானே சொல்லிவிட்டேன் அல்லவா. ஊரே கஞ்சியோடு வந்தது. அரிசிக் கஞ்சி, நொய்க் கஞ்சி, பார்லிக் கஞ்சி. அடுத்த தெரு சவுந்தரம் பெரியம்மாவுக்கு எண்பது வயது. சனிக்கிழமை தவறாமல் ஒரு சொம்பு கஞ்சியைத் தூக்கிக்கொண்டு தடியை ஊன்றி வந்துவிடுவார்கள். நான் கடைசி வாய் குடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். "எறங்குதாடி?" என்று கேட்பார்கள். நன்றாகத்தான் இறங்கும். என் வயிற்றுக்கு என்ன கேடு? சுங்குவார்சத்திரத்தில் என் தங்கை மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் எல்லோருக்கும் பிரியாணி வைத்துக்கொண்டே வந்தவர்கள் என் இலைக்கு வந்ததும் நின்று, உள்ளே போய், தயிர்சாதம் கொண்டுவந்து போட்டார்கள். "அக்காவுக்கு வயிறு சரியில்ல, மறந்துடாதீங்க" என்று என் தங்கையே பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு தின்றேன்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் சட்டைப்பையில் இருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுப்பார். வியாதியஸ்தர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை தலை குனிந்து ஜெபிக்கும். நல்ல வழக்கம்தான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த ஜெபம் என்னைத் தாங்கியது. ஆனால் நான் திரும்பி வந்து, குளித்து, வெளுத்த சேலை கட்டி, என் காலால் நடந்து போய் உட்கார்ந்த பிறகும் அவர் வாசிக்கிறார். "வயிற்றுக் கட்டியினால் மரணப்படுக்கையில் இருக்கும் ராகேலம்மாள்." நான் பாயில் இருக்கிறேன். படுக்கை எங்கே இருக்கிறது? முதல் வாரம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. ஒரு வருஷம் ஆனது. ஒருமுறை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். பட்டியலைக் கேட்டு மனம் உருகி, அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் ஜெபிக்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, "நோயாளியை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று என்னிடமே கேட்டார்.

அன்றைக்கே உபதேசியாரிடம் போனேன்.

"அய்யா, என் பேரை எடுத்துடுங்க. நான் நல்லா கீறேன்."

"நீ சொல்ற. சபைக்குத் தெரியணும் இல்ல. எழுந்து நின்னு சாட்சி சொல்லிடு. அடுத்த வாரமே எடுத்துடறேன்."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"கர்த்தர் உனக்குச் செஞ்சத நான் எப்டிம்மா சொல்றது? எங்க வந்துச்சு, எப்டிப் போச்சு, நீதான் சொல்லணும். முந்தி ஒருத்தர் பேர நானா எடுத்தேன். அடுத்த மாசமே அவர் போய்ச் சேந்துட்டாரு. நீ பேர எடுத்ததாலதான் செத்தாருன்னு அவர் பொஞ்சாதி இன்னி வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. அதுலேர்ந்து ரெண்டே வழிதான். ஒண்ணு, ஆளு எழுந்து சாட்சி சொல்லணும். இல்லாட்டி ஆளு போவணும்."

எங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமாம். ஆம்பளைகள் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால். அங்கே எழுந்து நின்று, எனக்கு ஒரு பக்கம் இல்லை, ரவிக்கைக்குள் பழந்துணி சுருட்டி வைத்திருக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும். வயிற்றுக் கட்டி கரைந்துவிட்டது என்றே சொல்லிவிட்டு உட்காரலாமா என்றும் நினைத்தேன். பொய் சொல்லாதவள் என்று நான் பேர் எடுத்ததில்லை. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று எத்தனையோ முறை சொன்னவள்தான். ஆனால் அந்த இடத்தில் நின்று கர்த்தர் பேரால் பொய்ச் சாட்சி சொல்ல எனக்குப் பயம். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பட்டியல் தொடர்ந்து நடந்தது.

இப்படி இரண்டு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாய் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாகக் கிடக்கிறாய் என்பார்கள்.

அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை முடிந்த மறு வாரம் பெண்கள் சங்கத்தில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா என்று அறிவித்தார்கள். தனிப் பஸ். சிற்பங்கள் பார்ப்பது, கடலில் கால் நனைப்பது, கட்டுச்சாதம், பாட்டு. மெட்ராஸில் அத்தனை நாள் கிடந்தும் நான் கடலைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவளை யார் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள்? எனக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு ஆசை வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சங்கத்துக்குக் காரியதரிசி கிரேஸ் டீச்சர். பள்ளிக்கூடத்து வாசலில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தாள். நான் என் பேரைச் சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? கடலைப் பாக்கத்தான்."

"வெயிலு, மணலு, பஸ்ஸு குலுக்கும். உங்க வயித்துக்கு ஆவாதுக்கா."

"பஸ்ஸு ஏறி எறங்கத் தெரியாதவளா நான்? மெட்ராஸு போய் வந்துகினுதானே கீறேன்."

"அது ஆஸ்பத்திரிக்கு. இது டூரு. வழியில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பட்டியல்ல வாசிச்ச ஆள ஏண்டி இட்டுனு போனேன்னு என்னைத்தான் கேப்பாங்க. நீங்க வூட்ல இருந்து எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கக்கா. அதுவும் ஊழியம்தான்."

அதுவும் ஊழியம்தானாம். எனக்கு வந்த கோபத்தில் அவள் நோட்டைப் பிடுங்கி ஏரியில் வீசியிருப்பேன். நல்லவேளை ஏரி தூரத்தில் இருந்தது.

வீட்டில் சொன்னால், "டீச்சர் சொல்றதும் நாயந்தானேமே" என்றார் என் வீட்டுக்காரர். சுகுணா என் இடது கையைக் காட்டினாள். அறுத்ததில் இருந்து அந்தக் கை அவ்வப்போது வீங்கும். "இத வெச்சிகினு எங்க அத்தே போவீங்க" என்றாள். கையையா பஸ்ஸில் ஏற்றப்போகிறேன், என்னைத்தானே ஏற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலிக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்து கர்த்தரோடு சண்டை போட்டேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா தெரியவில்லை. "எனக்குச் சுகம் கொடுத்தீரா இல்லையா? கொடுத்தீர் என்றால் அதை ஏன் என்னோடு மட்டும் ரகசியமாக வைத்திருக்கிறீர்? கிரேஸ் மனதை மாற்றும். உபதேசியார் வாயை அடைத்துப் போடும். இவர்கள் என்னைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உமக்குத் தெரியவில்லையா?" மூன்று நாள் மத்தியானம் இதே கேள்வி. கிரேஸ் மனம் மாறவில்லை. உபதேசியாருக்குத் தொண்டை நன்றாகவே இருந்தது.

நாலாவது நாள், கொட்டகையில் பழைய வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கேள்வி எனக்குள் வந்தது. வயிற்றுக் கட்டி என்று முதலில் சொன்னது யார்? உபதேசியார் சொல்லவில்லை. கிரேஸ் சொல்லவில்லை. சவுந்தரம் பெரியம்மா சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. நான் மற்றவர்கள் வாயை அடைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கர்த்தர் என் வாயைக் காட்டுகிறார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. வேறு பதில் கொடும் என்று கேட்டேன். வேறு வரவில்லை.

சுற்றுலாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. உபதேசியார் காகிதத்தைப் பிரித்தார். காய்ச்சல்காரர் ஒருவர், கால் முறிந்தவர் ஒருவர், பிறகு நான். "மரணப்படுக்கையில் இருக்கும் ராகேலம்மாள் சமாதானத்தோடே கர்த்தரிடம் சேர" என்றார். நான் எழுந்துவிட்டேன். ஜெப நேரத்தில் எங்கள் சபையில் யாரும் எழுந்ததில்லை.

"அய்யா, நிறுத்துங்க" என்றேன். "நான் சாட்சி சொல்லணும்."

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னேன். அன்றைக்குச் சொன்னதை அப்படியே சுகுணாவை எழுதச் சொல்கிறேன். "எனக்கு வயித்துல கட்டி இல்ல. நான் பொய் சொன்னேன். எனக்கு மார்ல புத்து வந்துச்சு. வெக்கப்பட்டு எட்டு மாசம் மறைச்சேன். ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. கரண்டு வெச்சாங்க. கர்த்தர் சொஸ்தமாக்கினாரு. ரெண்டு வருஷம் ஆவுது. ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இனிமே நான் சாவறதுக்கு ஜெபம் பண்ணாதீங்க. எனக்கு வெள்ளிக்கெழம மாமல்லபுரம் போவணும்."

ஆம்பளைகள் பக்கம் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சவுந்தரம் பெரியம்மாவின் குரல் சுவரோரமிருந்து வந்தது.

"அப்ப எதுக்குடி என் கஞ்சியெல்லாம் குடிச்ச?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். பெண்டுகள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள். உபதேசியார் பேனாவை எடுத்து, எல்லோர் முன்னாலும் காகிதத்தில் கோடு போட்டார். பிறகு, "ஸ்தோத்திரம் செலுத்துவோம்" என்றார். சபை எழுந்து நின்றது. எனக்காக அவர்கள் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார். திரும்பாமலே சொன்னார். "எழுந்து பேசப் போறேன்னு மொதல்லியே எங்கிட்ட சொல்லியிருந்தா வேற எடமா பாத்து உக்காந்திருப்பேன்." கொஞ்ச தூரம் போய், "ஒரகடத்துல ஒரு எருமை விலைக்கு வருதாம். போய்ப் பாக்கட்டுமா?" என்றார். நான் பாருங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை கிரேஸ் டீச்சரே எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாள். தொல்லை அதோடு விட்டது என்று நினைக்காதீர்கள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் நாலு பேர் "களைப்பா கீதாக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். செங்கல்பட்டில் ஒருத்தி தலையணை கொடுத்தாள். மாமல்லபுரத்தில் இறங்கியதும் இரண்டு பேர் இரண்டு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உதறிவிட்டு நடந்தேன். பாறையில் அத்தனை யானையும் ஆளும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் மாட்டில் பால் கறக்கிறான். கன்றை மாடு நக்குகிறது. அந்த இடத்தில் மட்டும் நான் வெகு நேரம் நின்றேன். கறக்கிறவன் உட்கார்ந்திருக்கிற விதம் சரியாக இருக்கிறது. செதுக்கினவனுக்கு மாடு தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் வெயில் தாங்காமல் நிழல் தேடிப் போய்விட்டார்கள். நான் கலங்கரை விளக்கம் வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு கடல். கிட்டே போகிற வரைக்கும் ஏரி மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது நம்மிடம் வந்து வந்து போகிறது. முழங்கால் வரைக்கும் இறங்கினேன். ஒரு அலை இடுப்புக்கு மேல் வந்து, ரவிக்கைக்குள் சுருட்டி வைத்திருந்த துணியை நனைத்துப் பாரமாக்கிவிட்டது. அதை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். சபையிலேயே சொல்லியாகிவிட்டது. வறுத்த மீன் வாங்கி, மணலில் உட்கார்ந்து, முள்ளை ஆற அமர எடுத்துத் தின்றேன். ஒருத்தியும் தயிர்சாதம் நீட்டவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத் திரும்பி வரும்போது இடது கை தூண் மாதிரி வீங்கிவிட்டது. மூன்று நாள் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தேன். சுகுணாதான் எண்ணெய் தடவிவிட்டாள். சொஸ்தமாகிவிட்டால் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆகாது. இருக்கிற உடம்போடு போக வேண்டியதுதான். இப்போது வலது கையால்தான் அதிகம் கறக்கிறேன். எருமை கொஞ்ச நாள் முறைத்தது, பிறகு பழகிவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு காலை கிரேஸ் டீச்சர் கொட்டகைக்கு வந்தாள். பால் நன்றாகக் கறக்கிறதா என்றாள். புல் எங்கே அறுக்கிறீர்கள் என்றாள். கிரேஸுக்குப் புல்லைப் பற்றி என்ன கவலை? நான் கறந்துகொண்டே இருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு மொதல்ல எப்டி இருந்துச்சு?"

கை நின்றுவிட்டது. "எந்தப் பக்கம்?" என்றேன்.

"வலது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா. அவருக்குக்கூடத் தெரியாது."

"நாளைக்குப் போலாம்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் கீதுக்கா."

"பள்ளிக்கூடம் நீ இல்லாம ஒரு நாள் நடக்கும். ஆறேகால் பஸ்ஸு."

தாம்பரம் போய் ரயிலேறி, எந்த வாசல், எந்த வரிசை, யாரிடம் சீட்டு வாங்குவது எல்லாம் எனக்குத்தான் தெரியும். வழியெல்லாம் அழுதாள். கடைசியில் அவளுக்கு அது வெறும் நீர்க்கட்டி. ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். இவ்வளவுக்குத்தானா என் சேலைத் தலைப்பு முழுக்க நனைத்தாய் என்று திட்டினேன். வந்தது வந்தோம் என்று பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். ராட்டினத்தில் இரண்டு பேரும் ஏறினோம். மேலே போனதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதை எழுதலாம் என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நம் சபையார் மட்டும் இல்லை. பென்னலூரில் இருந்து ஒரு அம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, யாரோ சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அறுத்து எடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள், கறிவேப்பிலைக் கட்டு கொண்டுவந்து கொடுப்பாள். எல்லோரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருத்தி இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்ன வயசு. எனக்குக் கொடுத்ததை அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கர்த்தரைக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. நானும் கேட்பதை விடவில்லை. அவரிடம் கோபமாகப் பேசலாம் என்று எனக்கு இப்போது தெரியும். அவர் எழுந்து போய்விடுவதில்லை.

எனக்குச் சுகமாகி ஏழு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிப்போனாலும், அங்கே வேலை முடிந்ததும் ஒரு நல்ல இடம் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது என் சட்டம். எந்த இடம் என்பதை வந்தவள் சொல்ல வேண்டும். மியூசியம் பார்த்தோம். கப்பல் பார்த்தோம். ஒருத்தி எங்கேயும் வேண்டாம், மின்சார ரயிலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரலாம் என்றாள். அப்படியே போய் வந்தோம். என் வீட்டுக்காரர் மட்டும், "உன்ன வூட்ல புடிச்சி வெக்கறதுக்கு அந்தப் பட்டியலே தேவல" என்கிறார். சொல்லிவிட்டு, நான் இல்லாத நாளில் எருமைக்கு அவரே தண்ணீர் காட்டுகிறார்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு உடம்பில் எங்கே என்ன என்பதைக் கர்த்தரிடம் சொல்லும்போது பேரைச் சொல்லியே கேளுங்கள். அவர் படைத்த இடம்தான், அவருக்கு வெட்கம் இல்லை. பிறகு வீட்டில் ஒருவரிடமாவது அதே பேரைச் சொல்லுங்கள். சபையாரே, ஒருத்திக்காக ஜெபித்து அவள் எழுந்து வந்துவிட்டால், தயவு பண்ணி அவளை நம்புங்கள். உங்கள் ஜெபத்தையும் நம்புங்கள்.

வருகிற புதன்கிழமை நாங்கள் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பஸ் ஆறேகாலுக்குப் படப்பையில் நிற்கும். யாருக்காவது சொல்ல முடியாத இடத்தில் ஏதாவது இருந்தால் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் கேட்கமாட்டேன். பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள். நானும் அப்படித்தான் போனேன், கர்த்தர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.